போதைப் பாவனை: பொலிஸுக்கா, கிளினிக்குக்கா? வன்னிக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துத் தாய் தகப்பன்மார், மனைவிமார், சகோதரங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. அவர்கள் கேட்கிற பேச்சிலேயே விட்டிருக்கிறோம். போதை பாவிக்கிறவரைக் குற்றவாளியாக அல்ல, நோயாளியாகப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. அவசரத்தில் வந்தவர்கள் கடைசிப் பக்கமாக உள்ள ‘ஆள் பேச்சு மூச்சில்லாமக் கிடக்கிறான்’ என்ற பகுதியை முதலில் வாசியுங்கள்.

குடிக்கிறவனை, தூள் இழுக்கிறவனை நோயாளியா பாக்கச் சொல்லுறியள். அப்ப விக்கிறவனையும் விட்டுடச் சொல்லுறியளோ?

இல்லை. பாக்கு நீரிணையால் மூட்டை மூட்டையாக இறங்கும் கேரளக் கஞ்சாவைப் பிடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்வது இவ்வளவுதான்: தன் உடம்புக்குள் ஏற்றுகிறவனையும் ஊருக்கு விற்கிறவனையும் ஒரே கூண்டில் ஏற்றினால், முதலாமவன் வைத்தியரிடம் வரமாட்டான். வராதவனுக்கு மருந்து கொடுக்க முடியாது.

போர்த்துக்கலில் 2001 ஜூலை முதல் பத்து நாள் சொந்தப் பாவனைக்கு உட்பட்ட அளவை வைத்திருப்பது குற்றவியல் வழக்கு இல்லை. ஹெரோயினுக்கு அந்த எல்லை 1 கிராம், கஞ்சா இலைக்கு 25 கிராம். அகப்பட்டவரின் பொருளைப் பொலிஸ் பறிமுதல் செய்யும். அவர் சட்டம், சுகாதாரம், சமூகசேவை அறிந்த மூவர் கொண்ட குழுவின் முன் போகவேண்டும். அந்தக் குழு சிகிச்சைக்கு அனுப்பலாம், தண்டப்பணம் விதிக்கலாம், ஒன்றும் செய்யாமலும் விடலாம். விற்பனை அங்கே இன்றைக்கும் சிறைக்குரிய குற்றம்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2021 பெப்ரவரியில் இதே வழியில் போய், 2024 செப்டெம்பரில் திரும்பிவிட்டது. தண்டனையை எடுத்த வேகத்தில் சிகிச்சை இடங்கள் எழும்பவில்லை. தண்டத் துண்டோடு ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும் கிடைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதற்கு அழைக்கவே இல்லை. கதவைத் திறந்தால் உள்ளே கட்டில் இருக்கவேண்டும்.

இலங்கைச் சட்டம் என்ன சொல்லுது?

இரண்டு முகம் உண்டு. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் தண்டிக்கிற முகம். 1984இல் செய்த திருத்தத்தின்படி 2 கிராம் அல்லது அதற்கு மேல் ஹெரோயின் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள். 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம் ஐஸையும் (மெதம்பெட்டமின்) சேர்த்தது. அதற்கு எல்லை 5 கிராம். (தூக்கு 1976க்குப் பிறகு நிறைவேற்றப்படவில்லை. தீர்ப்பு மட்டும் வாசிக்கப்படுகிறது.) எடை என்பது பொட்டலத்தின் எடை இல்லை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கையில் வரும் தூய அளவு. அந்த அறிக்கை வரும்வரை பல குடும்பங்கள் விளக்கமறியலுக்கும் வீட்டுக்கும் அலைகின்றன.

மற்ற முகம் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம். போதையில் தங்கியிருப்பவருக்கான சிகிச்சையும் புனர்வாழ்வும் பற்றியது. அவர் தானாகச் சேரலாம். அரச வைத்தியரின் அறிக்கையைப் பார்த்து நீதவான் கட்டாயமாக அனுப்பவும் முடியும். இந்தச் சட்டம் இருப்பதே வன்னியில் பலருக்குத் தெரியாது. கைது செய்யப்பட்டவரின் தாய்க்கு அதை யாரும் சொல்வதும் இல்லை.

2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ என்ற பொலிஸ் போதை ஒழிப்பு நடவடிக்கையில் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். அந்த நாள்களில் கிளினிக்குக்கு வரவேண்டியவன் வீட்டுப் பின்வேலியால் காட்டுக்குள் போனான் என்பதுதான் எங்கள் பார்வை. ஒளித்திருப்பவன் தனியாக இழுப்பான், அளவு தவறினால் பார்க்க ஆளில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா பொலிஸுக்குச் சொல்லுவினமோ?

‘நான் குடு (ஹெரோயின்) பாவிக்கிறன்’ என்று வைத்தியரிடம் சொல்வதற்காக அவர் பொலிஸை அழைக்கும் நடைமுறை இல்லை. நோயாளி சொன்னதை வெளியே சொல்லாமல் வைத்திருப்பது அவருடைய தொழில் ஒழுங்கு.

ஆனால் இரண்டு விடயத்தில் கவனம் வேண்டும். பெரிய வைத்தியசாலைகளில் பொலிஸ் காவலரண் உண்டு. வெட்டு, அடி, நஞ்சு குடித்தது போன்றவை அங்கே பதியப்படும். அடுத்தது, சட்டைப் பையில் பொருளோடு போகக்கூடாது. புறப்படுமுன் பையை, பேர்ஸை, மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே உள்ள இடத்தைப் பாருங்கள். பாவிப்பதைச் சொல்வது வேறு, பொருளோடு நிற்பது வேறு.

வைத்தியரிடம் பொய் சொல்லவேண்டாம். என்ன, எவ்வளவு, எத்தனை நாளாக, கடைசியாக எத்தனை மணிக்கு? இந்த நாலும் சரியாகத் தெரிந்தால்தான் மருந்து சரியாக அமையும்.

முதல்ல எங்க போறது?

மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை, வவுனியா, மன்னார் நாலிலும் உண்டு. அறிமுகக் கடிதம் இல்லையென்று நிற்கவேண்டாம்; வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து ‘உளநலக் கிளினிக்’ என்று கேட்டால் போதும். கிளினிக் நாளை முதலே விசாரியுங்கள். துணுக்காயிலிருந்தோ வெலிஓயாவிலிருந்தோ இரண்டு பஸ் மாறி வந்து, ‘இன்றைக்கு இல்லை’ என்று கேட்டவர் மறுமுறை வருவது அரிது. அடையாள அட்டையும், ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளின் வெறும் அட்டைகளும் கொண்டுபோங்கள்.

போகக் கூச்சம் என்றால் தொலைபேசி: தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1927, தேசிய உளநல நிறுவகம் 1926. தமிழில் பேச ஒருவரைத் தரும்படி முதல் வசனத்திலேயே கேளுங்கள். பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929.

தூளை வீட்டில வச்சே நிப்பாட்டலாமோ?

ஹெரோயின் மட்டும் என்றால், வைத்தியர் பார்த்த பிறகு பலருக்கு முடியும். கடைசி இழுப்பிலிருந்து 8 முதல் 12 மணி நேரத்தில் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், வியர்க்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம்: கால் உளைவு, வயிற்றோட்டம், சத்தி, நித்திரையின்மை, மயிர்க்கூச்சு. ஐந்து முதல் ஏழு நாளில் உடம்பு இறங்கும். ஆசை இறங்காது, அது மாதக்கணக்கு.

இதில் ஆளை விழுத்துவது நீரிழப்புத்தான். ஜீவனி ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு வயிற்றோட்டத்துக்குப் பிறகும் ஒரு கப். அரை லீற்றரில் கரைத்தால் உப்பு கூடிவிடும். உப்புக் கஞ்சி நல்லது. இளநீர் பொதுவாக நல்லதுதான். ஆனால் வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயுள்ள வீடுகள் பல, அப்படியானவருக்கு இளநீர் கொடுக்கக்கூடாது, பொட்டாசியம் ஏறும். நோவுக்கு பரசிட்டமோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணிக்கு ஒருதரம், நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை. ஈரல் பழுதென்றால் அதுவும் வைத்தியரைக் கேட்டுத்தான். டைக்ளோபெனக், இபுபுரூபன் சிறுநீரகத்துக்குக் கூடாது. பாமசியில் ‘நித்திரைக்கு’ என்று ஏதாவது வாங்கிக் கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஒரு போதையை இறக்கி இன்னொன்றை ஏற்றுவதாக முடியும்.

தண்ணீர்கூடத் தங்காமல் சத்தி, 12 மணி நேரம் சலம் போகவில்லை, நெஞ்சு நோ, கர்ப்பிணி: இவற்றில் ஒன்று என்றாலும் வீடு வேண்டாம், வார்ட்.

ஹெரோயினுக்குப் பதிலாக வைத்தியர் கொடுக்கும் மெதடோன், புப்ரினோர்பின் என்ற மாற்று மருந்துகள் 2005 முதல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. மரணங்களைக் குறைப்பதில் இவற்றுக்கு நிகர் வேறொன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் அவை கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதது பெரிய குறை.

கசிப்பு?

நாள்தோறும் காலையிலேயே கசிப்போ சாராயமோ எடுக்கிறவரை வீட்டில் திடீரென்று நிறுத்தவே வேண்டாம். ஹெரோயினை விடுவது ஆளைப் படுக்கையில் போடும். மதுவைத் திடீரென்று விடுவது கொல்லும். கைநடுக்கம் 6 மணி நேரத்திலிருந்து தொடங்கும், வலிப்பு இரண்டு நாளுக்குள் வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் பூச்சி ஊருது, ஆள் நிக்குது என்ற பிதற்றல். இதைப் பேய் பிடித்ததென்று எடுத்துப் பார்வை பார்க்கக் கொண்டுபோய் உயிர்கள் போயிருக்கின்றன. வார்ட்டில் டயசிபாம் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். குளுக்கோஸ் ஏற்றுமுன் விற்றமின் பீ1 ஊசி போடுவார்கள். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பழுதாகலாம்.

மகன் ஐஸ் எடுக்கிறான். மூண்டு நாளா நித்திரை இல்லை, ஆரோ வேலிக்கால பாக்கினம் எண்டுறான். கட்டி வச்சிருக்கிறம்.

அவிழ்த்துவிடுங்கள். ஐஸ் உடம்பின் சூட்டை ஏற்றும், இதயத்தை ஓட்டும். கட்டியவன் திமிறத் திமிறச் சூடு இன்னும் ஏறும்; ஆவணி வெயிலில், தகரக் கொட்டிலுக்குள் அது போதும் ஆளை முடிக்க. வெளிச்சத்தைக் குறையுங்கள், காற்றோட்டமான இடத்தில் விடுங்கள், அவனுக்குப் பழகிய ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசுங்கள். ‘அங்க ஒருத்தரும் இல்லையடா’ என்று வாதாடவேண்டாம். ‘நான் பக்கத்தில நிக்கிறன்’ என்பது போதும். உடம்பு கொதித்தால் ஈரத்துணி, விசிறி. நெஞ்சு நோ, வலிப்பு, தொட முடியாத சூடு, ஆயுதம் தூக்குதல் என்றால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

இந்தச் சந்தேகப் பிதற்றல் நிறுத்தினால் பெரும்பாலும் சில நாளில், ஒரு கிழமையில் தணியும். ஒரு மாதம் தாண்டியும் நின்றால் வேறு மனநோய் உள்ளதா என்று பார்க்கவேண்டும்.

அடுத்து வருவது விழுகை. ஒரு நாள், இரண்டு நாள் தொடர்ந்து நித்திரை, எழும்பினால் பெரும் பசி, பிறகு ஒன்றிலும் பிடிப்பில்லாத இருள். வீடு அமைதியாகிவிட்டது என்று குடும்பம் மூச்சுவிடுகிற இந்தக் கிழமைதான் தற்கொலை ஆபத்து மிகக் கூடியது. வயல் வீடு என்றால் களைநாசினி, பூச்சிநாசினிப் போத்தல்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். பரணில் தூக்கி வைப்பது அப்புறப்படுத்துவது ஆகாது.

ஐஸுக்கு ஹெரோயின் போல மாற்று மருந்து கிடையாது. கூடுதலாகப் பலன் தெரிந்த முறை சின்ன வெகுமதி: சலப் பரிசோதனை சுத்தமாக வந்த ஒவ்வொரு முறையும் உடனேயே சிறிய பரிசு, தொடர்ந்து சுத்தமென்றால் பரிசு பெருகும், ஒருமுறை தவறினால் முதலிலிருந்து. லஞ்சம் போலத் தெரியும். வேலை செய்கிறது. பணமாகக் கொடுக்காமல் டேட்டா காட், பெற்றோல், சப்பாத்து என்று கொடுங்கள்.

ஷெல் துண்டு உடம்பில இருக்கு, நோவுக்கு எடுத்த மாத்திரை இப்ப விடேலாது. இதுவும் போதையோ?

வன்னிக்கே உரிய கேள்வி. டிரமடோல் சில கிழமை தொடர்ந்து எடுத்தாலே உடம்பு பழகிவிடும். நாளுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் போனால் வலிப்பு ஆபத்து. பிரிகபலின் நரம்பு நோவுக்கு நல்ல மருந்துதான், கள்ளச் சந்தையில் போதை மாத்திரையாகவும் ஓடுகிறது. இரண்டையும் திடீரென்று நிறுத்தக்கூடாது. டிரமடோலை ஓரிரு கிழமைக்கு ஒருதரம் பத்து வீதம் அளவில் குறைப்பது பொதுவான வேகம். பிரிகபலினை ஆகக் குறைந்தது ஒரு கிழமைக்கு மேல் இழுத்துக் குறைக்கவேண்டும், கூடிய அளவு எடுத்தவருக்கு இன்னும் மெதுவாக. வைத்தியர் எழுதித் தந்ததை எழுதிய அளவில் எடுப்பவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. நோவு அடங்கவில்லை என்று போய்ச் சொல்லுங்கள், பெட்டிக்கடையில் தேடவேண்டாம்.

பாமசியில சலம் சோதிக்கிற கிற் வாங்கலாமோ?

வாங்கலாம், அதை நம்பி வீட்டில் நீதிமன்றம் நடத்தக்கூடாது. ஹெரோயின் இரண்டு மூன்று நாள், ஐஸ் இரண்டு முதல் நாலு நாள்வரை காட்டும். நாள்தோறும் கஞ்சா அடித்தவருக்கு நிறுத்தி ஒரு மாதம் போயும் காட்டலாம். பொய் சொல்கிறான் என்று அடிக்கப் போகாதீர்கள். தடிமன் மருந்தில் உள்ள சூடோஎபெட்ரின் ஐஸ் போலக் காட்டலாம், கொடேயின் கலந்த இருமல் மருந்து ஹெரோயின் கோட்டைக் காட்டும். பிரிகபலினும் டிரமடோலும் சாதாரண கிற்றில் விழவே விழாது.

பிடிச்சிட்டாங்கள். இப்ப என்ன?

24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். போதைப்பொருள் வழக்கில் நீதவானின் அனுமதியோடு ஏழு நாள்வரை தடுத்து விசாரிக்கவும் முடியும். அந்த நாள்களில்தான் விடுதல் வருத்தம் உச்சத்தில் நிற்கும். ஆள் எதைப் பாவிக்கிறவர், என்ன மருந்து எடுக்கிறவர் என்பதைப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து ஒரு பிரதி வைத்திருங்கள். மது என்றால் ‘வலிப்பு வரலாம்’ என்று பெரிதாக எழுதுங்கள். அடித்தால் நீதவானிடமும், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996க்கும் சொல்லலாம்.

காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு. சட்டத்தரணியிடம் கிளினிக் கொப்பியைக் கொடுத்து, 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் சிகிச்சைக் கட்டளை கேட்க முடியுமா என்று கேளுங்கள். கைதுக்கு முன்னரே கிளினிக்கில் பதிந்திருப்பவருக்கு அந்தக் கொப்பி பேசும். கைதுக்குப் பிறகு அவசரமாகத் திறந்த கொப்பிக்கு அவ்வளவு குரல் இல்லை.

புனர்வாழ்வுக்கு அனுப்பப் போறாங்களாம். திரும்ப விடுவாங்களோ?

இந்தச் சொல்லுக்கு இங்கே வேறு வடு இருக்கிறது. 2009இல் போர் முடிந்த பிறகு ஏறக்குறைய 12,000 முன்னாள் போராளிகள் இதே பெயரில்தான் முகாம்களில் இருந்தார்கள். பொலன்னறுவைக் கந்தக்காடு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தை அதே ஆண்டு உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் என்று சொன்ன பிறகு, திருத்தி 2023இல் நிறைவேற்றினார்கள். ஆகவே பயம் காரணமில்லாததல்ல.

ஆனால் எல்லா நிலையமும் ஒன்றல்ல. கட்டுப்பாட்டுச் சபை தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் நடத்துவது ஆலோசனையை மையமாகக் கொண்ட சிகிச்சை நிலையங்கள். எங்களுக்குத் தூரம், தமிழில் ஆலோசகர் இருக்கிறாரா என்று போகுமுன் கேளுங்கள். மொழி தெரியாத இடத்தில் மூன்று மாதம் வாய்மூடி இருந்துவிட்டு வருவது சிகிச்சை இல்லை. கட்டளையில் நிலையத்தின் பெயரும் கால எல்லையும் எழுதியிருக்கிறதா என்று சட்டத்தரணியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணா கனடாவில இருந்து காசு அனுப்புறார். தனியார் இடத்தில விடுவமோ?

விடுமுன் கேட்கவேண்டியவை: கட்டுப்பாட்டுச் சபையின் உரிமம் இருக்கிறதா, அதைக் காட்டுவார்களா? வைத்தியர் கிழமையில் எத்தனை நாள் வருவார்? முதல் பத்து நாள் விடுதல் வருத்தத்துக்கு மருந்து யார் கொடுப்பது? வீட்டார் எப்போது பார்க்கலாம்? வெளியே வந்த பிறகு யார் தொடர்ந்து பார்ப்பது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்துக்கு டொலர் கொடுக்கவேண்டாம். அடித்துத் திருத்துவோம், பட்டினி போடுவோம் என்று பெருமையாகச் சொல்கிற இடமென்றால் அடுத்த பஸ்ஸில் கூட்டிவந்துவிடுங்கள்.

கலியாணம் கட்டி வச்சா திருந்துவான் எண்டு சொந்தக்காரர் சொல்லினம்.

திருந்தமாட்டான். ஒரு நோயாளியும் ஒரு கைதியுமாக இருவர் ஆவார்கள்.

ரெண்டுதரம் நிப்பாட்டி ரெண்டுதரமும் விழுந்திட்டான். இனி என்ன பிரயோசனம்?

சிகிச்சை எடுத்தவர்களில் 40 முதல் 60 வீதமானோர் ஒரு கட்டத்தில் மறுபடி பாவிக்கிறார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. பிரெஷர் நோயாளி குளிசையை விட்டுவிட்டு மறுபடி வருவதும் இதே அளவில்தான். அவரை யாரும் கிளினிக்கிலிருந்து துரத்துவதில்லை. மூன்று மாதத்துக்குக் குறைந்த சிகிச்சை பெரிதாகப் பிடிக்காது. இரண்டுதரமும் எத்தனை நாள் இருந்தான், எந்த இடத்தில், யாரோடு, கையில் எவ்வளவு காசோடு விழுந்தான் என்று எழுதிக் கொண்டுபோங்கள். பெரும்பாலும் சம்பள நாள், அல்லது பழைய சிம்முக்கு வந்த அழைப்பு.

ஆள் பேச்சு மூச்சில்லாமக் கிடக்கிறான். என்ன செய்ய?

நெஞ்செலும்பில் மடக்கிய கைவிரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். எழும்பவில்லை, கண்மணி ஊசிமுனை போல, உதடு நீலம், குறட்டை போல இழுபடும் மூச்சு என்றால் 1990. வரும்வரை தலையைப் பின்னால் சாய்த்து நாடியை (தாடையை) உயர்த்தி, மூக்கைப் பொத்தி, ஐந்தாறு விநாடிக்கு ஒரு மூச்சு ஊதுங்கள். மூச்சு வந்தால் இடப்பக்கம் சரித்துப் படுக்கவையுங்கள். தேசிக்காய்ப் புளி, உப்புத் தண்ணீர், பால் ஒன்றும் வாயில் விடவேண்டாம், நுரையீரலுக்குள் போகும். வைத்தியசாலையில் ஹெரோயினை முறிக்கும் நலோக்சோன் மருந்தைப் போட்டால் நிமிடத்தில் எழும்புவான், ‘வீட்டை போவம்’ என்பான். விடாதீர்கள்: அந்த மருந்து 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும், ஹெரோயின் அதைவிட நீளம். மாத்திரையும் கலந்திருந்தால் சொல்லுங்கள். பிரிகபலினுக்கு நலோக்சோன் கேட்காது.

நாளைக்கு மறியலால வாறான். வீட்டில என்ன ஆயத்தம்?

வெளியே வந்த முதல் இரண்டு கிழமையில்தான் அளவு தவறிச் சாவது மிகக் கூட. உள்ளே இருந்த நாளில் உடம்பு தாங்குசக்தியை இழந்திருக்கும். பழைய அளவு இப்போது நஞ்சு. இதை அவனுக்கு முகத்துக்கு நேரே, ஏச்சில்லாமல் சொல்லுங்கள். சொன்னால் ஆசை காட்டியது போலாகுமோ என்று பயப்படவேண்டாம், அவனுக்கு அந்த நினைவு ஏற்கெனவே இருக்கும்.

கிளினிக் திகதியை அந்தக் கிழமைக்குள் இன்றைக்கே எடுங்கள். புது சிம். கையில் காசு வேண்டாம், கேட்ட சாமானை வாங்கிக் கொடுங்கள். பழைய கடனென்று யாரும் படலைக்கு வந்தால் பேசுவது வீட்டில் மூத்தவர். படுக்கையறைக் கதவுக்கும் கிணற்றடி மறைப்புக்கும் உள்பூட்டு வேண்டாம். 1990 என்பதை வீட்டில் எல்லோர் போனிலும், அம்மம்மாவின் பட்டன் போனிலும், பதிந்துவையுங்கள்.